இரண்டு டம்ளர் எலுமிச்சைச் சாறு

அக்டோபர் 11, சனி

இன்றோடு எங்கள் வீட்டுச் சமையலறையில் சர்க்கரை இல்லாமல் மூன்று மாதம் முடிகிறது. வெள்ளைச் சர்க்கரை, நாட்டுச்சர்க்கரை, கருப்பட்டி, தேன், எதுவும் கிடையாது. கவுந்தப்பாடியில், காற்றிலேயே வெல்லப்பாகு மணக்கிற ஊரில், இதைச் செய்து காட்டியிருக்கிறேன் என்றால் சும்மா இல்லை. முப்பத்திரண்டு வருடம் பள்ளிக்கூட மைதானத்தில் விசில் ஊதியவன் நான். அறுநூறு பிள்ளைகளை ஒரே வரிசையில் நிறுத்தியவனுக்கு வீட்டில் ஒருத்தியை வரிசையில் நிறுத்தத் தெரியாதா?

என் மனைவி மயிலாத்தாளுக்குச் சுகர் வந்து நாலு வருடம் ஆகிறது. ஜூலையில் எடுத்த பரிசோதனையில் மூன்று மாதச் சராசரி ஒன்பதைத் தாண்டிவிட்டது. டாக்டர் ஜெயந்தன் சீட்டைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்துத்தான் தலையை ஆட்டினார். எனக்கு மானமே போய்விட்டது. அன்று சாயங்காலமே சர்க்கரை டப்பா, வெல்ல டப்பா எல்லாவற்றையும் தூக்கிப் பக்கத்து வீட்டுச் சம்பூரணத்திடம் கொடுத்துவிட்டேன். அதற்குப் பதிலாக இனிப்பு மாத்திரை வாங்கி வந்தேன். சின்னப் பிளாஸ்டிக் டப்பி. மேலே அமுக்கினால் ஒரு மாத்திரை டக்கென்று விழும். காபிக்கு ஒன்று, எலுமிச்சைச் சாற்றுக்கு இரண்டு. நானும் அதையேதான் போட்டுக்கொள்கிறேன். எனக்குச் சுகர் இல்லை, இருந்தாலும் கட்டுப்பாடு என்றால் இரண்டு பேருக்கும்தான்.

டப்பி என் சட்டைப்பையில்தான் இருக்கும். இப்போதெல்லாம் டம்ளரைப் பார்த்தாலே கை தானாகப் பைக்குப் போகிறது.

அக்டோபர் 14, செவ்வாய்

சம்பூரணம் போனை நீட்டிக்கொண்டு வந்தார். அந்த மாத்திரை போட்டால் புற்றுநோய் வருமாம், யாரோ வெள்ளைக் கோட்டு மாட்டிக்கொண்டு வீடியோவில் கத்துகிறான். மயிலா பயந்துபோய் என்னைப் பார்த்தாள்.

எனக்கு வந்ததே கோபம். இரண்டு பேரையும் உட்காரவைத்து வகுப்பே எடுத்துவிட்டேன். இரண்டு வருடத்துக்கு முன்னால் உலக சுகாதார நிறுவனத்தின் ஒரு குழு, புற்றுநோய்க்குக் காரணமாக இருக்கலாமோ என்று ஒரு சந்தேகப் பட்டியலில் இதைச் சேர்த்தது உண்மை. அதே நேரத்தில் இன்னொரு குழு, ஒரு நாளைக்கு இவ்வளவு வரை சாப்பிட்டால் பயமில்லை என்று பழைய அளவையே வைத்துக்கொண்டதும் உண்மை. மயிலாவின் எடைக்குக் கணக்குப் போட்டுப் பார்த்தால் நூறு மாத்திரைக்கு மேல் போகும். "ஒரு நாளைக்கு நீ நூறு டம்ளர் காபி குடிக்கப் போறியா?" என்று கேட்டேன்.

"அப்ப இந்த இனிப்பு எங்கதானுங்க சார் போவுது?" என்று சம்பூரணம் கேட்டார்.

"நாக்கோட சரிங்க. ரத்தத்துல ஒரு பொட்டுச் சர்க்கரை ஏறாது. அதுதான் இதோட அருமையே" என்றேன். நாளைக் காலை நடைப்பயிற்சிக் கூட்டத்திலும் இதைச் சொல்ல வேண்டும்.

அக்டோபர் 20, திங்கள், தீபாவளி

மகள் கோகிலவாணி திருப்பூரிலிருந்து நேற்றே வந்துவிட்டாள். மாப்பிள்ளைக்குக் கம்பெனியில் அவசர வேலை, வரவில்லை.

இனிப்பு மாத்திரை போட்டுப் பாயசம் வைக்கச் சொன்னேன். மயிலா பாலோடு மாத்திரையையும் போட்டு நன்றாகக் கொதிக்கவிட்டாள். இறக்கி வாயில் வைத்தால் இனிப்பே இல்லை. இந்த வகை மாத்திரை ரொம்பக் கொதித்தால் இனிப்பு போய்விடும் என்று டப்பி அட்டையிலேயே போட்டிருக்கிறது. நான்தான் பார்க்கவில்லை. கோகிலா ஒரு வாய் குடித்துவிட்டு, "என்னுங்கப்பா இது, காய்ச்சக்காரனுக்கு ஊத்தற கஞ்சியாட்டம் இருக்குது" என்று சிரித்தாள். மயிலாவும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நானும் சிரித்தேன் என்றுதான் வைத்துக்கொள்ள வேண்டும்.

மத்தியானம் பின்கட்டுப் பக்கம் போனேன். கோகிலா அவள் அம்மாவுக்குப் பாதி ஜாங்கிரியைப் பிட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தாள். மயிலா என்னைப் பார்த்ததும் வாயில் இருந்ததைக் கையில் துப்பிவிட்டாள். நான் ஒன்றும் சொல்லவே இல்லை. சும்மா நின்றேன், அவ்வளவுதான்.

"அம்மாவ இப்படிப் பயமுறுத்தி வெச்சிருக்கறீங்களேப்பா. ஒரு நல்ல நாளுங்க. கொஞ்சம் விட்டுப் புடியுங்க" என்றாள் கோகிலா. கண்ணெல்லாம் சிவந்துவிட்டது அவளுக்கு.

விட்டுப் பிடித்தால் காலில் புண் வரும், கண் போகும், கிட்னி போகும். அப்போது வந்து யார் பார்ப்பார்கள்? நான்தான். இதைச் சொன்னதும் கோகிலா பேச்சை நிறுத்திவிட்டாள். சாயங்கால பஸ்ஸுக்கே கிளம்பிவிட்டாள்.

அக்டோபர் 22, புதன்

கந்த சஷ்டி விரதம் இருக்கப் போகிறேன் என்று மயிலா நேற்று ராத்திரியே சொல்லிவிட்டாள். ஆறு நாள். சுகர் வருவதற்கு முன் வருடா வருடம் இருப்பாள். ஒரு வேளை பாலும் பழமும், சூரசம்ஹாரம் முடிந்த மறுநாள் பச்சைமலை முருகனைக் கும்பிட்டுவிட்டுச் சோறு. நாலு வருடமாக நான் விடவில்லை.

இந்தத் தடவை யோசித்துப் பார்த்தேன். சோறு இல்லை, இட்லி இல்லை என்றால் சுகர் தானாக இறங்கத்தானே செய்யும்? நல்லதுதானே? சரி என்றேன். சில நிபந்தனைகள் போட்டேன். வாழைப்பழம் கூடாது, அதில் சர்க்கரை அதிகம். பால் அரை டம்ளர், ஒரு வேளை. மற்ற நேரம் எலுமிச்சைச் சாறு, இனிப்பு மாத்திரை போட்டு. முக்கியமாக, காலைச் சுகர் மாத்திரை ஒரு நாளும் தவறக் கூடாது.

"வெறும் வயித்துல அந்தச் சுகர் மாத்திரைய முழுங்கலாமுங்களா? டாக்டர ஒரு வார்த்த கேட்டுக்கலாமுங்க" என்றாள்.

"தீபாவளி லீவுல அவர எதுக்குத் தொந்தரவு பண்ணோணும்? நாலு வருசமா நாந்தான பாக்கறேன்" என்றேன். என் கையாலேயே எடுத்துக் கொடுத்தேன். விழுங்கினாள்.

அக்டோபர் 23, வியாழன்

மெஷினில் பார்த்த சுகர், காலை 131. மாலை 112. பலே!

அக்டோபர் 24, வெள்ளி

92. மூன்று வருடத்தில் இந்த எண்ணை இந்த மெஷினில் நான் பார்த்ததே இல்லை. நடைப்பயிற்சியில் எல்லோருக்கும் சொன்னேன். தபால் ஆபீஸ் முத்துக்குமரசாமி, "உங்க ஊட்டம்மா குடுத்து வெச்சவங்க சார்" என்றார்.

துணி துவைக்கிற கல்லைக் கழுவி ஆசிட் ஊற்றினேன். மோட்டார் வால்வு ஒழுகுகிறது, பிளம்பரிடம் சொல்ல வேண்டும்.

அக்டோபர் 25, சனி

76.

மயிலா இன்று ஒரு மாதிரி இருக்கிறாள். எலுமிச்சைச் சாற்றை நீட்டினேன், தட்டிவிட்டாள். டம்ளர் முற்றம்வரை உருண்டது. "வெச்சுட்டுப் போங்களே அக்கட்டால, சும்மா சும்மா வந்து நிக்காதீங்க" என்று கத்தினாள். முப்பத்தெட்டு வருடக் குடித்தனத்தில் என்னிடம் இப்படிப் பேசியவள் இல்லை. கொஞ்ச நேரம் கழித்து எதுவும் நடக்காதது போல வந்து, எனக்குச் சாப்பாடு போடட்டுமா என்று கேட்டாள். கை விரல்கள் நடுங்கின. பசிக் கோபம் என்று விட்டுவிட்டேன்.

அக்டோபர் 26, ஞாயிறு

மெஷினில் போடும் பட்டை தீர்ந்துவிட்டது. மருந்துக் கடை ஞாயிற்றுக்கிழமை அரை நாள்தான், நான் போவதற்குள் ஷட்டரை இறக்கிவிட்டான். ஒரு நாள் பார்க்காவிட்டால் ஒன்றும் இல்லை, குறைந்துகொண்டுதானே போகிறது.

பகலெல்லாம் மயிலா படுத்தே கிடந்தாள். ஜாக்கெட் முதுகு முழுக்க வியர்வை. மின்விசிறிக்குக் கீழேதான் படுத்திருந்தாள். கோகிலா பள்ளிக்கூடத்திலிருந்து வந்துவிட்டாளா என்று கேட்டாள். கோகிலாவுக்கே பள்ளிக்கூடம் போகிற பிள்ளை இருக்கிறது. தூக்கக் கலக்கம்.

நாளை ஒரு நாள்தான்.

அக்டோபர் 28, செவ்வாய் (கோபி ஆஸ்பத்திரியில்)

நேற்று எழுதவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

சூரசம்ஹாரம் பார்க்கப் போக வேண்டும் என்று மத்தியானம் குளித்துவிட்டுப் பச்சைச் சேலை கட்டிக்கொண்டிருந்தாள். கொசுவத்தை மடித்த கை அப்படியே நின்றுவிட்டது. கூப்பிட்டேன். திரும்பிப் பார்த்தாள். கண் என்னைப் பார்க்கிறது, ஆனால் என்னைத் தெரியவில்லை அவளுக்கு. கட்டிலில் உட்காரவைத்துவிட்டு டாக்டர் ஜெயந்தனுக்குப் போன் போட்டேன்.

"லோ சுகருங்க சார். சர்க்கரையக் கரைச்சு ஒடனே குடுங்க. கால் மணி நேரத்துல தெளியலைன்னா ஆம்புலன்ஸக் கூப்புட்டு இங்க கொண்டுட்டு வந்துருங்க" என்றார்.

ஓடினேன். எலுமிச்சைச் சாறு பிழிந்தே இருந்தது. டப்பியை எடுத்து நாலு மாத்திரை தட்டிக் கலக்கி, தலையைத் தூக்கிப் பிடித்துக் குடிக்கவைத்தேன். பாதி கழுத்தில் வழிந்தது. தெளியவில்லை. போதவில்லை போலிருக்கிறது என்று இன்னொரு டம்ளருக்கு ஆறு மாத்திரை போட்டேன். முகத்தைச் சுளித்துத் தள்ளினாள். "வீம்பு பண்ணாத, குடி" என்று அதட்டினேன். என்னைப் பார்த்துக்கொண்டே குடித்தாள். கால் மணி நேரம் பார்த்தேன், அரை மணி ஆகிவிட்டது. இனிப்புக் கொடுத்தாயிற்றே, இதோ ஏறிவிடும் என்றே உட்கார்ந்திருந்தேன். திடீரென்று கை கால் வெட்டி இழுத்தது. கண் மேலே போய்விட்டது.

அப்புறம்தான் 108ஐக் கூப்பிட்டேன். ஆம்புலன்ஸில் வந்த பெண் விரலைக் குத்திப் பார்த்து 31 என்றாள். கையில் ஊசி போட்டுக் குளுக்கோஸ் ஏற்றினாள். அத்தாணி ரோட்டில் திரும்பும்போது மயிலா கண்ணைத் திறந்தாள். "சூரன் விழுந்துட்டானுங்களா?" என்று கேட்டாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. அந்தப் பெண் இருக்கிறாளே என்றுகூடப் பார்க்கவில்லை, அழுதேன்.

டாக்டர் கேட்டார், "ஜூஸ் குடுத்தீங்களா சார்?"

"ரெண்டு டம்ளருங்க. நல்ல இனிப்பா" என்றேன்.

"ரெண்டு டம்ளர் போயும் முப்பத்தொண்ணா?" என்று நெற்றியைத் தேய்த்தார். சாப்பாடு இல்லாமல் சுகர் மாத்திரை போட்டதுதான் காரணம் என்று முதலில் என்னைத் திட்டினார். திட்ட வேண்டியதுதான், வாங்கிக்கொண்டேன். ஆனால் அவ்வளவு சர்க்கரை உள்ளே போயும் ஏறாமல் இறங்கியதுதான் இடிக்கிறது என்றார். இன்று விடியலில் மறுபடியும் இறங்கிவிட்டது. மறுபடியும் குளுக்கோஸ். கிட்னிக் கணக்கும் கொஞ்சம் ஏறியிருக்கிறதாம்.

பத்து மணிக்குச் சம்பூரணம் பிளாஸ்க்கில் கஞ்சி கொண்டுவந்தார். மயிலா தூங்கிக்கொண்டிருந்தாள். வராண்டாவில் என்னோடு உட்கார்ந்தார்.

"ஏனுங்க சார், ஒரு குரல் குடுத்திருந்தா ஒரு கை சக்கரைய அள்ளிட்டு ஓடி வந்திருக்க மாட்டனுங்களா? உங்கூட்டு டப்பாவே எங்கூட்டு அலமாரியில அப்படியே கெடக்குது."

"நான் ஜூஸ் குடுத்தனுங்களே" என்றேன்.

"குடுத்தீங்க. உங்கூட்டுலதான் சக்கரையே இல்லையே. அதுல என்னுங்க போட்டீங்க?"

அவர் சாதாரணமாகத்தான் கேட்டார். என் கை சட்டைப்பையில் இருந்த டப்பியைத் தொட்டது. சம்பூரணம் என் முகத்தையே பார்த்தார். பிறகு என் சட்டைப்பையைப் பார்த்தார். எழுந்து பிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு, "நான் இதப் பத்தி யாருகிட்டயும் பேச மாட்டனுங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

நாக்கோடு சரி, ரத்தத்தில் ஒரு பொட்டு ஏறாது. நானே உட்காரவைத்துச் சொன்னது. புற்றுநோய் வருமா வராதா என்று அவ்வளவு படித்தேன், அத்தனைக்கும் பதில் வைத்திருந்தேன். இது என் தலையில் ஏறவே இல்லை. கை பைக்குப் போயிற்று, அமுக்கிற்று.

அக்டோபர் 29, புதன்

எழுதப் பிடிக்கவில்லை.

அக்டோபர் 30, வியாழன் (கோயம்புத்தூர்)

பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்துவிட்டார் ஜெயந்தன். கோகிலா நேற்றே வந்துவிட்டாள். இங்கே பார்ப்பவர் டாக்டர் நளாயினி, சுரப்பி வைத்தியத்தில் பெரிய படிப்புப் படித்தவராம். சீட்டைப் படித்துவிட்டு என்னிடமே கேட்டார். "ரெண்டு டம்ளர் சர்க்கரை ஜூஸ் குடிச்ச பிறகும் மயக்கம் தெளியல, ஃபிட்ஸ் வந்திருக்கு. சரிதானுங்களா?"

கோகிலா பக்கத்தில் நின்றாள். "எங்கப்பா ஒடனே குடுத்துட்டாருங்க மேடம். அவரு இல்லைன்னா அன்னிக்கே போயிருக்கும்" என்றாள். என் தோளைப் பிடித்துக்கொண்டாள். தீபாவளியன்று பேச்சை நிறுத்தியவள்.

நான் தலையை ஆட்டினேன்.

கணையத்தில் ஏதாவது கட்டி இருந்து அது தானாக இன்சுலினைக் கொட்டுகிறதா என்று பார்க்க வேண்டுமாம். அதற்கு மூன்று நாள்வரை பட்டினி போட்டு, கூடவே இருந்து, ரத்தம் எடுத்துக்கொண்டே இருப்பார்களாம். பிறகு சாயம் ஏற்றி ஸ்கேன். கிட்னிக் கணக்கு ஏறியிருப்பதால் சாயம் கொஞ்சம் யோசனைதான், ஆனாலும் பார்த்துவிட வேண்டும் என்றார். கட்டி என்ற வார்த்தையைக் கேட்டதும் கோகிலா வெளியே போய் அழுதாள்.

அக்டோபர் 31, வெள்ளி

யோசித்துப் பார்த்தால் ஒரு ஸ்கேன் எடுத்துப் பார்ப்பது நல்லதுதான். இந்த வயதில் எல்லோருமே எடுக்கிறார்கள். பெரிய டாக்டர், அவருக்குத் தெரியாததா. ஒருவேளை நிஜமாகவே ஏதாவது இருந்தால்? அப்போது இது நடந்ததே நல்லது என்று ஆகிவிடும்.

பகல் பன்னிரண்டு மணியோடு சாப்பாட்டை நிறுத்திவிட்டார்கள். கட்டில் தலைமாட்டில் "உணவு கூடாது" என்று அட்டை மாட்டினார்கள். ஏற்கெனவே ஆறு நாள் பட்டினி கிடந்தவள். மூன்று நாள்தான் கஞ்சியும் இட்லியும் சாப்பிட்டிருக்கிறாள்.

அடுத்த கட்டிலுக்குச் சாயங்காலம் பொங்கல் வந்தது. மயிலா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

நவம்பர் 1, சனி

காலையில் ரத்தம் எடுக்கக் குழாயில் வரவில்லை, வேறு இடத்தில் குத்தினார்கள். உதடு காய்ந்து தோல் உரிந்திருந்தது. பஞ்சை நனைத்துத் துடைத்துவிட்டேன். கோகிலா டீ குடிக்கக் கீழே போயிருந்தாள்.

"மயிலா, உங்கிட்ட ஒண்ணு சொல்லோணும்" என்றேன். "அன்னிக்கு அந்த ஜூஸுல..."

"தெரியுமுங்க" என்றாள்.

"என்ன தெரியும்?"

"வாயில வெச்ச ஒடனே தெரிஞ்சு போச்சுங்க. மூணு மாசமா குடிக்கறேன், அந்த மாத்திர எப்படி இருக்கும்னு தெரியாதுங்களா? அது தொண்டைக்கிட்ட வந்து நின்னுக்கும். சக்கரை அப்படி நிக்காதுங்க. சக்கரையில்லீங்கன்னு சொல்லோணும்னு பாத்தேன், வாய் எழும்பல. நீங்க குடின்னீங்க. குடிச்சுட்டேன்."

"ரெண்டு டாக்டருங்க கேட்டாங்களே. நீ ஏன் சொல்லல?"

அவள் என்னைத்தான் பார்த்தாள். கோபமாகக்கூடப் பார்க்கவில்லை. கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பேன்.

"நீங்களே சொல்லுவீங்கன்னு பாத்தேனுங்க" என்றாள்.

நான்கு நாளாகக் காத்திருந்திருக்கிறாள். பட்டினியோடு.

எழுந்து போனேன். டாக்டர் நளாயினி ஓ.பி.யில் இருந்தார், வெளியே ஜனம். விடவில்லை. கதவைத் தள்ளிக்கொண்டு போனேன். வழியில் பார்த்த கோகிலாவும் என்னவோ ஏதோ என்று பின்னாலேயே வந்து என் தோளைப் பிடித்துக்கொண்டாள். அவள் போகட்டும், அப்புறம் சொல்லலாம் என்று ஒரு நொடி நினைத்தேன். அப்புறம் என்றால் சொல்லவே மாட்டேன் என்று எனக்கே தெரிந்தது. அவள் முன்னாலேயே சொன்னேன். ஜூஸில் சர்க்கரை இல்லை, இனிப்பு மாத்திரைதான், நான்தான் போட்டேன், வீட்டில் சர்க்கரையே கிடையாது, செவ்வாய்க்கிழமையே எனக்குத் தெரியும் என்று எல்லாவற்றையும் சொன்னேன்.

டாக்டர் பேனாவை வைத்துவிட்டார். "செவ்வாய்க்கிழமையே தெரியுமா?"

"தெரியுமுங்க."

"அந்த அம்மாவ ஒரு நாள் முழுக்கப் பட்டினி போட்டிருக்கேன் சார் நான். அடுத்ததாச் சாயம் ஏத்தியிருப்பேன். கிட்னி ஒத்துக்காமப் போயிருந்தா?" குரலை உயர்த்தவில்லை. போனை எடுத்து வார்டுக்குச் சொன்னார், பட்டினியை நிறுத்துங்கள், உடனே இட்லி கொடுங்கள் என்று. பிறகு என்னிடம், "அந்த மாத்திரை மேல ஒரு குத்தமும் இல்லைங்க. அளவோட போட்டுக்கலாம். அது செய்யற வேலையைத்தான் அது செஞ்சிருக்கு. சர்க்கரை ஏத்தக் கூடாதுன்னு செஞ்சத வெச்சு சர்க்கரை ஏத்தப் பாத்திருக்கீங்க. சுகர் மாத்திரை சாப்பிடறவங்க வீட்டுல கைக்கெட்டற எடத்துல சர்க்கரையோ குளுக்கோஸோ இருந்தே ஆகணும்" என்றார்.

என் தோளைப் பிடித்திருந்த கோகிலாவின் கை எப்போது எடுபட்டது என்று தெரியவில்லை. நான் திரும்பிப் பார்த்தபோது அவள் போய்விட்டிருந்தாள்.

வார்டுக்குப் போனேன். மயிலா மூன்றாவது இட்லியில் இருந்தாள். கோகிலா தட்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் வாசலிலேயே நின்றுகொண்டேன்.

நவம்பர் 3, திங்கள்

டிஸ்சார்ஜ். பழைய சுகர் மாத்திரையை நிறுத்தி வேறு கொடுத்திருக்கிறார்கள். இறங்கியதெல்லாம் அந்தப் பழைய மாத்திரை உடம்பில் தங்கியதால்தான் என்று முடிவாகிவிட்டது. கட்டி கிட்டி ஒன்றும் இல்லை.

கார் கொண்டுவந்திருந்தாள் கோகிலா. அம்மாவைத் திருப்பூருக்குக் கூட்டிக்கொண்டு போகிறேன் என்றாள், என்னைப் பார்க்காமல். மயிலா மறுப்பாள் என்று நினைத்தேன். அவள் செருப்பை மாட்டிக்கொண்டு, "கொஞ்ச நாள் இருந்துட்டு வர்றனுங்க" என்றாள்.

"எத்தன நாளு?" என்றேன்.

"வர்றனுங்க" என்றாள் மறுபடியும். முன் சீட்டில் ஏறிக்கொண்டாள்.

நான் பஸ்ஸில் வந்தேன். வந்ததும் சம்பூரணம் வீட்டுக்குப் போய் டப்பாவைக் கேட்டேன். அலமாரியிலிருந்து எடுத்துக் கொடுத்தார். சமையல் மேடையில் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் வைத்திருக்கிறேன்.

நவம்பர் 5, புதன்

பிளம்பர் வந்தான். வால்வு மாற்றியாயிற்று. ரசம் வைத்தேன், புளி அதிகம்.

கோகிலாவுக்குப் போன் போட்டேன். எடுக்கவில்லை.

நவம்பர் 6, வியாழன்

எடுக்கவில்லை.

நடைப்பயிற்சியில் முத்துக்குமரசாமி, "அம்மா எப்படியிருக்காங்க, சார்தான் காப்பாத்துனீங்களாமே" என்றார். இல்லை என்று சொல்லி, நடந்ததைச் சொன்னேன். எல்லோரும் நின்றுவிட்டார்கள்.

நவம்பர் 9, ஞாயிறு

இன்று மயிலாவே போன் செய்தாள். கோகிலாவின் போனிலிருந்துதான். குரலில் தெம்பு இருந்தது. பின்னால் பேரன் யாரோடோ சண்டை போட்டுக்கொண்டிருந்தான்.

"மாத்திரை போட்டாச்சா?" என்றேன்.

"போட்டாச்சுங்க."

"காலையில பாத்தியா? எத்தன?"

"சரியாத்தான் இருக்குதுங்க."

"என்ன சாப்புட்டே?"

பேரனை வெளியே போய் விளையாடச் சொன்னாள்.

"ஏனுங்க, ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதீங்க" என்றாள். "நாலு வருசமா நீங்க எங்கிட்டக் கேட்டதெல்லாம் இதுதானுங்க. என்ன சாப்புட்டே, எத்தன சாப்புட்டே. இனி அத நானே பாத்துக்கறேன். நீங்க வேற என்னமாச்சும் கேளுங்க."

கேட்கிறேன் என்று வாயைத் திறந்தேன். நிஜமாகவே யோசித்தேன். முப்பத்தெட்டு வருடம் கூட இருந்தவளிடம் கேட்க ஒரு கேள்வி வேண்டும், இத்தனைதான். ஒன்றும் வரவில்லை. எதை எடுத்தாலும் கடைசியில் தட்டில் போய் நின்றது.

"கேளுங்க" என்றாள், மெதுவாக.

போனைக் காதில் வைத்தபடியே நின்றுகொண்டிருந்தேன். வெகு நேரம். அவளும் வைக்கவில்லை.